போன வருஷம் எழுதிய பழைய பாட்டு

பிரியாணிக் கடை பாய் முதலில் சந்தோஷப்பட்டார். தம் இன்னும் பிரிக்கவே இல்லை, அதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது என்றால் யாருக்குத்தான் பூரிக்காது? அப்புறம்தான் தெரிந்தது, வரிசை கடைக்கு வரவில்லை. கடையை உரசிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறது. மாடியில் இருந்தது பொற்காலம் ஒலிக்கூடம். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டுக்கு இசையமைத்தவர்கள்.

ஒருவர் ஆர்மோனியத்தைத் தலையில் சுமந்து வந்திருந்தார். இன்னொருவர் செத்துப்போன அண்ணன் சார்பாக வந்திருந்தார், அண்ணன் படத்தோடு, மாலையோடு. பொய் சொல்ல வந்த கூட்டமாக இருந்தால் ஒலிக்கூடத்தில் வேலை பார்த்த எழிலரசி செருப்பைக் கழற்றியிருப்பாள். கொடுமை என்னவென்றால் அதில் ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தப் பாட்டைப் போட்ட நாள் நினைவிருந்தது. அன்றைக்குப் பெய்த மழை நினைவிருந்தது.

மொட்டை மாடிக் காத்தே, கொஞ்சம் நில்லு
மூணு சதம் சார்ஜு இருக்கு, சேதி என்ன சொல்லு

இந்த இரண்டு வரி தெரியாத காது தமிழ்நாட்டில் இல்லை. கோயில் திருவிழா, சலூன், பல் ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அதுதான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்றார்கள்.

அந்தக் காலமாவது மண்ணாவது. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது மூன்றும் எழிலரசிதான். போன வருஷம் புரட்டாசியில், சூளைமேட்டு விடுதி மாடியில், காயப்போட்ட துணி காய்வதற்குள் முடித்த பாட்டு.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. மின்னணுவியல் படித்தவள். அவள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். படிப்பு முடித்த கையோடு தன் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "புதுசா இருக்கும்மா" என்றார்கள். ஏதோ சோற்றில் கல் இருக்கிறது என்பது போல. அந்தக் காலத்துப் பாட்டு போல வருமா என்று கேட்கிற எவனும் இந்தக் காலத்துப் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டவன் இல்லை என்பது அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

பொற்காலம் ஒலிக்கூடத்தின் முதலாளி கோவர்தன் மட்டும்தான் வேறு மாதிரி பேசினார்.

"புதுப் பாட்டு எவன்மா கேக்குறான்? நான் புதுப் பாட்ட வாங்கிப் பழசாக்கி விக்கிறேன். ஊறல்னு பேரு."

"அப்படின்னா?"

"தெரிஞ்ச மூஞ்சியப் பாத்ததும் மூளைக்குள்ள டிங்குனு ஒரு மணி அடிக்குதில்ல? அந்த மணிய பாட்டுக்கு அடியில ஒரு அதிர்வா வெச்சு நாமளே அடிச்சு விட்டுடுறோம். மணி அடிச்சா மூளை சும்மா இருக்காது. எங்கியோ கேட்டிருக்கமேன்னு தேடும்."

"தேடிக் கிடைக்கலன்னா?"

"தோத்துட்டேன்னு ஒத்துக்குமா? தானே ஒரு எடம் பாத்து வெச்சுக்கும். வாழ்க்கையில எங்க ஒரு பாட்டு இருந்திருக்கணும்னு ஏங்கினமோ, அந்த ஓட்டையில போய் கப்புனு உக்காந்துக்கும்."

"ஏமாத்து வேலை இல்லையா சார் இது?"

"மாங்காய உப்புல போட்டு ஊறுகாய்னு விக்கிறானே, அவனப் போய்க் கேளு."

வேறு வழியில்லாமல் வேலைக்குச் சேர்ந்தாள். ஒலிக்கூடத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: ஊறிய பாட்டு ஸ்பீக்கரில் ஓடும்போது காதில் பஞ்சு இருக்க வேண்டும். சாராயம் காய்ச்சுகிறவன் குடிக்கக் கூடாது. கோவர்தன் வருஷக்கணக்காகப் பஞ்சை எடுத்ததில்லை.

'மொட்டை மாடி'யை ஊற வைத்துச் சோதனைக்கு ஓடவிட்ட அன்று, கீழே பாய் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேவிக் கேவி அழுதார். ஜன்னல் வழியே அதைப் பார்த்த கோவர்தனுக்குத் தாங்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு காதுப் பஞ்சை மட்டும், ஒரே நிமிஷத்துக்கு, எடுத்தார்.

அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் கேட்டார்: "எழிலரசி, இந்த கேசட்டு உனக்கு எங்கம்மா கெடச்சுது?"

அன்றிலிருந்து உலகத்தில் உண்மை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். கோவர்தன் நேர்மையான மனுஷன், அதுதான் தலைவலியே. அடுத்தவன் பாட்டை வைத்துப் பிழைக்கக் கூடாது என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்: 'மொட்டை மாடிக் காத்தே' பாடலின் அசல் இசையமைப்பாளர் உயிரோடு இருந்தால் நேரில் வரவும். அந்த வரிசைதான் பாய் கடையை இடித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை எழிலரசிக்கு.

கடைசியில் கோவர்தன் தேர்ந்தெடுத்தது திரவியம் அண்ணாச்சியை. ஒருகாலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர், மெலிந்த மனுஷன். சொந்தமாக ஒரு மெட்டாவது போட வேண்டுமென்று ஆயுள் முழுக்க ஏங்கியவர். ஓட்டை பெரியது; பாட்டு அப்படியே போய் நிறைந்திருந்தது.

"சார், அந்தப் பாட்டு நான் எழுதினது," என்றாள் எழிலரசி.

கோவர்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு என்ன வயசும்மா?"

"சார், போன வருஷம் என் சம்பளத்த ஒசத்தித் தர்றேன்னு சொல்லி நீங்கதான் வாங்கினீங்க!"

"நான் ஒன்பதாவது படிக்கிறப்ப தங்கச்சி பூப்பு நீராட்டுக்குப் போட்டாங்க. பொய்யா?"

"ஏ புள்ள," திரவியம் அண்ணாச்சி குரலில் கோபமே இல்லை. "ஆசையாத்தான் இருக்கும். எனக்குப் புரியுது. ஆனா அடுத்தவம் பிள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டா நம்ம பிள்ள ஆயிருமாளா?"

அவள் வம்சத்தில் எதற்குக் கீழேயும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. அப்பா கட்டிய வீடுகளின் கல்வெட்டில் வேறு எவன் பெயரோ இருந்தது. பத்திரங்களில் கைநாட்டு இருந்தது. ஒரே ஒரு பாட்டுக்குக் கீழே 'எழிலரசி' என்று அஞ்சு எழுத்து. அதைத்தான் கேட்டாள். பாடல் உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாள்.

சாட்சிக்கு ஒரு ஆள் இருந்தது. பாட்டை முடித்த அன்று மாடியிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டுப் பாடிக் காட்டியிருந்தாள். "இன்னாடி இது, கத்திரிக்கா விக்கிற மாதிரி கத்துற," என்று அம்மா அன்றைக்கே விமர்சனமும் சொல்லியிருந்தாள். கோவர்தனை விட்டால், உலகத்தில் அந்தப் பாட்டைப் பச்சையாகக் கேட்ட ஒரே காது.

திண்டிவனத்துக்கு மேற்கே ஊர். அம்மா பச்சையம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள், வாயில் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி.

"எம்மா, இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ. எங்கல்யாணத்துல விடிய விடிய போட்டானே மைக்செட்டுக்காரன்."

எழிலரசி அம்மா கையிலிருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

பச்சையம்மா கல்யாணத்தில் மைக்செட்டே கிடையாது. குழாய் ரேடியோவும் பெட்டியுமாக வந்த மூணு சக்கர வண்டியை ஏரிக்கரை அரச மரத்தடியில் மேலத்தெரு ஆட்கள் மறித்தார்கள். காலனியில் பாட்டு போட்டால் எங்கள் தெருவுக்குக் கேட்கும் என்றார்கள். வயரைப் பிடுங்கினார்கள். வண்டி திரும்பிப் போனது. தாலி கட்டும்போது காக்கா கத்தினதுதான் எனக்கு நாயனம் என்று அம்மா வருஷா வருஷம் அந்தக் கதையைச் சொல்லி, முடிவில் காறித் துப்புவாள். "நீ படிச்சு அவனுங்க காதுல சங்கு ஊதணும்டி." அந்த எச்சிலில் முளைத்தவள்தான் எழிலரசி. ஒலி, அதிர்வு, ஸ்பீக்கர் என்று அவள் தேடிப் போய்ப் படித்ததெல்லாம் சும்மாவா?

"எங்கம்மா கட்டினாங்க குழாய?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏரிக்கரை அரச மரத்துலதான். நாலு பக்கமும் கேட்டுது. மேலத்தெரு ஆளுங்ககூட, சவுண்டு இன்னும் கொஞ்சம் வெய்யிப்பான்னு வந்து சொல்லிட்டுப் போனாங்க. நல்ல ஜனம்."

"நல்ல ஜனமா? வயரப் புடுங்கினானுங்கம்மா! வண்டியத் திருப்பி அனுப்பினானுங்க!"

"யாரு வண்டிய? உனக்கு யாருடி இந்தக் கதையெல்லாம் சொன்னது?"

"நீதாம்மா சொன்ன!"

பச்சையம்மா சிரித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாத சிரிப்பு. இருபத்துமூன்று வருஷத்தில் எழிலரசி பார்த்திராத சிரிப்பு. "பட்டணத்துல சரியா சாப்புடுறதில்ல நீ. வா, கூழு கரைச்சு தர்றன்."

தீர்ப்பாயத்தில் கூட்டம் பிதுங்கியது. தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி வேதாசலம், பாட்டை ஒருமுறை ஒலிக்கவிடச் சொன்னார். எழிலரசி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். பல மாதமாக அவள் நகரத்தில் அப்படித்தான் நடமாடினாள். இரண்டு தடவை ஆட்டோவில் அடிபடப் பார்த்தாள். தமிழ்நாடே கேட்கிற தன் பாட்டை ஊறிய பிறகு அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் வேதாசலம் மூக்கைச் சிந்தினார். "நான் சட்டக் கல்லூரியில படிக்கும்போது வந்தது. ஹாஸ்டல்ல நானே பாடியிருக்கேன். அதனால இந்த வழக்கை நான் விசாரிக்கலாமான்னு ஒரு கேள்வி இருக்கு. ஆனா இதைக் கேட்காத நீதிபதி எங்க கிடைப்பார்? தொடருங்க."

"ஐயா, வருஷம் கேளுங்க எல்லாரையும்!" என்றாள் எழிலரசி.

கேட்டார்கள். திரவியம் அண்ணாச்சி எண்பத்திரண்டு என்றார். கோவர்தன் தொண்ணூற்றொன்று என்றார். வாசலில் நின்ற காவலர் தன் ஆறாம் வகுப்பு ஆண்டு விழா என்றார். மாலை போட்ட அண்ணன் படத்தோடு வந்தவர், சுதந்திரத்துக்கு முந்தி என்றார்.

"பாத்தீங்களா ஐயா? ஆளுக்கொரு வருஷம். எல்லாமே சரியா இருக்க முடியுமா?"

வேதாசலம் நெகிழ்ந்துபோனார். "இதுக்குப் பேர்தாம்மா காலத்தை வென்ற பாட்டு. எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கு பாரு."

"ஐயா, மூணு சதம் சார்ஜுன்னு வருது! எண்பத்திரண்டுல எவன் கையில போன் இருந்துச்சு? எவன் சார்ஜ் போட்டான்?"

திரவியம் அண்ணாச்சி எழுந்து கைகூப்பினார். "சாமி, எழுதும்போது எனக்கே அர்த்தம் தெரியல. தானா வந்துச்சு."

"தீர்க்கதரிசி!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

"அந்த ஸ்பீக்கர்ல வர்ற பாட்டுக்கு அடியில ஒரு அதிர்வு இருக்கு ஐயா. அதான் உங்க எல்லாரையும்..." அவள் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக் காட்டினாள். "இந்தப் பஞ்சு இல்லன்னா நானும் உங்க கூட அழுதுகிட்டிருப்பேன்!"

"நீதிமன்றத்துல காதுல பஞ்சா?" வேதாசலத்தின் முகம் கறுத்தது. பஞ்சு பறிமுதல் செய்யப்பட்டு, உறையில் போட்டு முத்திரை வைக்கப்பட்டது. பிறகு பச்சையம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் தன் கல்யாணத்தைப் பற்றி நடந்தது நடந்தபடி, அதாவது நடக்காதது நடந்தபடி, சொன்னாள். மகளுக்கு எதிராகச் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"சரிம்மா," என்றார் வேதாசலம் எழிலரசியிடம், கொஞ்சம் இரக்கமாக. "அதை எழுதின கைன்னா இன்னொண்ணும் எழுதியிருக்கும். பாடு. கேக்குறோம்."

எழிலரசி அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து திரும்பிய வாரம் முழுக்க ஒன்று அவளை உள்ளே பிறாண்டிக்கொண்டிருந்தது. ஊறல் இல்லாமல், மைக் இல்லாமல், வெறும் தொண்டையில் பாடினாள்.

பந்தக்கால் நட்டாச்சு, பாயும் விரிச்சாச்சு
பாட்டுக் குழாய் வண்டி மட்டும் பாதியில நின்னாச்சு
மேலத்தெரு காதெல்லாம் மெழுகுல செஞ்சதாம்
எங்க பாட்டு பட்டாலே உருகிப் போகுமாம்

அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை. நிறுத்தினாள்.

யாரோ கொட்டாவி விட்டார்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார் கோவர்தன் வருத்தத்தோடு. "இப்ப வர்றதெல்லாம் இப்பிடித்தான். மனசுல நிக்குதா பாருங்க. மொட்டை மாடி மாதிரி வருமா?" பின்வரிசையில் ஒருவர் அதை எடுத்துக் கொடுக்க, சபை மொத்தமும் சேர்ந்து பாடியது. காவலர் லத்தியால் தாளம் போட்டார். தொண்டையிலிருந்து வந்தால் அந்தப் பாட்டு யாரையும் ஒன்றும் செய்யாது, ஸ்பீக்கரில் வந்தால்தான். ஆகவே எழிலரசி நின்று கேட்டாள். தன் பாட்டைக் கொண்டு தன் பாட்டை அடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன பாட்டு.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. இத்தனை தலைமுறை நெஞ்சில் வாழும் பாடலை ஒருவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பழம்பாடல்' என்று போட வேண்டியது. திரவியம் அண்ணாச்சி அழுதார். எழிலரசிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதையும் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கல்பட்டு தாண்டியது.

"ஏ பாப்பா."

"ம்."

"ரெண்டாவதா ஒண்ணு பாடினியே. அது யாரு கல்யாணம்டி? பாவம்."

எழிலரசி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். 'உன்னுதுதாம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், பச்சையம்மா கல்யாணத்துக்கு வந்த வண்டியை ரெண்டாம் தடவையாகத் திருப்பி அனுப்புகிற ஆள் அவளாக இருப்பாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க," என்றாள்.

"எவன்டி அந்த வண்டிய நிறுத்தினது? பாட்டுகூடவா கேக்கக் கூடாது? அவங்கப்பன் வூட்டுக் காத்தா அது?" அந்தச் சிரித்த முகம் எங்கே போனது என்று தெரியவில்லை. நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, எழிலரசி சின்ன வயதிலிருந்து பார்த்த முகம் வந்து உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள். "அந்தப் பொண்ணு சும்மாவா வுட்டா?"

"சும்மா விடல. பெத்தத படிக்க வெச்சா."

"அப்புடிப் போடு! அப்பறம்? மேல இன்னா வருது?"

மேல என்ன வருது என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. 'மொட்டை மாடி'யை முதல் தடவை கேட்டவனுக்கும் அடுத்த வரி முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவளைக் கேட்க வேண்டிய அவசியமே எவனுக்கும் வரவில்லை.

"இன்னும் எழுதலம்மா," என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேல் ஸ்பீக்கர் கரகரத்தது. காற்று வீசும் ஓசை, புல்லாங்குழல். மொட்டை மாடிக் காத்தே.

கை தானாகக் காதுக்குப் போனது. பஞ்சு இல்லை. அது தீர்ப்பாயத்தில் முத்திரைக்குள் இருந்தது. விரலை விட்டு அடைத்தாள். பஸ் கம்பியெல்லாம் அதிர்ந்து, அதிர்வு எலும்பு வழியே ஏறியது. டிங் என்று ஒன்று உள்ளே அடித்தது. மூளை தேடத் தொடங்கியது. கிடைத்தும்விட்டது: பள்ளிக்கூட ஆண்டு விழா, மேடையில் சின்னப் பெண்ணாக அவள், எதிரே மேலத்தெரு மொத்தமும் கைதட்டுகிறது, எல்லோரும் நல்ல ஜனம். எவ்வளவு இனிப்பாக இருந்தது! யார் எழுதிய பாட்டு இது, எவ்வளவு பழைய...

"யோவ் கண்டக்டர்! அத நிறுத்துய்யா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பச்சையம்மா இருக்கையிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

"எம்மா, இது அந்தக் காலத்துப் பாட்டும்மா!" கண்டக்டர் நெஞ்சில் கை வைத்தார். "எங்கப்பா தோள்ல உக்காந்து கேட்டது."

"நானும் எங்கல்யாணத்துலயே கேட்டதுதான். தெரிஞ்ச பாட்டு எங்க ஓடிப் போயிடப் போவுது? நிறுத்து. எம்பொண்ணு புதுசா ஒண்ணு பாடுறா. எனக்கு மேல இன்னான்னு தெரியல."

கண்டக்டர், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். இருந்தாலும் பச்சையம்மாவின் முகத்தில் என்ன கண்டாரோ, கை பொத்தானுக்குப் போனது.

பாட்டு நின்றது. ஆண்டு விழா கலைந்தது. என்ஜின் இரைச்சலும் முணுமுணுப்பும் மட்டும் மிஞ்சின. பச்சையம்மா முந்தானையை உதறி உட்கார்ந்தாள்.

"பாடு," என்றாள். "பாதியில நிறுத்தாத."

அடுத்த வரி எழிலரசிக்கும் தெரியாது. பாடத் தொடங்கினாள்.